72 கலர் பெட்டி வேணாம் ஆச்சி, முதல்ல பேப்பரை மாத்துங்க

தேவகோட்டையில இருந்து ஒரு ஆச்சி கேட்டிருக்காங்க. மக வயித்துப் பேத்திக்கு 9 வயசாம். வீட்டு வளவுல தரையில பதிச்சிருக்குற ஆத்தங்குடி பூக்கல்லைப் பாத்துப் பாத்து நோட்டுல வரையுறாளாம், வரையுறது நல்லாத்தான் வருதாம், கலர் பென்சில்ல கலர் அடிச்சா மட்டும் வெளுப்பா கோடு கோடா வருதுன்னு அழுவுறாளாம். பென்சிலைச் சீவுனா லெட்டு உடைஞ்சு உடைஞ்சு விழுதாம். பினாங்குல இருக்குற அவ அம்மான் அடுத்த மாசம் வர்றாராம், 72 கலர் பெட்டி ஒண்ணு வாங்கியாரட்டான்னு கேக்குறாராம். "வாங்கச் சொல்லவா, இல்ல இங்கயே 1500 ரூவாய்க்குள்ள முடிச்சிரவா, பென்சிலை வாயில வேற வைக்கிறா, அது விஷமான்னும் சொல்லுங்க மிஸ்"னு எழுதியிருக்காங்க. கூடவே படத்தை போட்டோ எடுத்தும் அனுப்பியிருக்காங்க.

ஆச்சி, போட்டோவை பெருசு பண்ணிப் பாத்தேன். பச்சை அடிச்ச எடத்துல பின்பக்கத்து ரூல் கோடு தெரியுது. இஸ்கோல் நோட்டு. கலர் பத்தலைங்குறதுல பாதிக்கு மேல குத்தம் அந்தத் தாள் மேலதான், பேத்தி கை மேல இல்ல, நீங்க வாங்கிக் குடுத்த பென்சில் மேலயும் அவ்வளவா இல்ல. காரைக்குடியில இருவது வருஷமா எங்க வீட்டுப் பட்டாலையில புள்ளைங்களுக்கு ட்ராயிங் சொல்லிக்குடுக்குறேன், பெத்தவுங்க எல்லாருமே காசை பென்சில்லயே கொட்டுவாங்க, பேப்பர்னு வந்தா மட்டும் மாசக் காலண்டர் கிழிச்ச தாளைக் குடுத்து அனுப்புவாங்க. காலண்டர் தாள் வழவழன்னு இருக்கும், அதுல கலர் பென்சில் வழுக்கிக்கிட்டே போகும், ஒட்டவே ஒட்டாது.

ஏன்னு சொல்றேன். நல்ல ட்ராயிங் பேப்பரை வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தீங்கன்னா பொடிப் பொடியா மேடு பள்ளம் தெரியும், விரலால தடவுனா லேசா சொரசொரங்கும். பென்சில் போறப்ப அந்த மேடு அரம் மாதிரி லெட்டைத் தேச்சு எடுக்கும், தேஞ்ச கலர் பள்ளத்துல போய் உக்காந்துக்கும். பள்ளம் ரொம்பிருச்சுன்னா அதுக்கு மேல அடிக்கிற கலர் நிக்காது. நோட்டுத் தாள்ல பள்ளமும் கம்மி கனமும் கம்மி, ரெண்டு தடவை அடிச்சா ரொம்பிரும், மூணாவது தடவை புள்ள அழுத்துவா, தாள் சுருங்கும் இல்ல கிழியும். கடையில கேக்குறப்ப ஜிஎஸ்எம்னு கேளுங்க, ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம்னு அர்த்தம். ஜெராக்ஸ் தாள் 70ல இருந்து 80 வரைக்கும் இருக்கும், பேத்திக்கு 130க்கு மேல, முடிஞ்சா 150 உள்ள ட்ராயிங் பேடு வாங்குங்க, கார்ட்ரிட்ஜ் பேப்பர்னு கேட்டாலும் குடுப்பாங்க. ஐவரி சார்ட் கனமா இருக்குதேன்னு அதை வாங்கிறாதீங்க, அது வழவழப்பு. சைஸு ஏ4 போதும், ஏ5 இன்னும் நல்லது. கலர் பென்சில்ங்குறது கோலக்குச்சி மாதிரி மெல்லிசா ஒரு முனை, அதை வச்சு ஒரு பெரிய தாளை நெரப்ப ஒம்பது வயசுப் புள்ளைக்குப் பொறுமை எங்க இருக்கு, பாதியில அலுத்துப் போயிரும்.

நான் சொல்றதை நம்ப வேணாம், வீட்டுலயே சோதிச்சுப் பாருங்க. நம்ம பக்கம் பழைய கல்யாணப் பத்திரிகை இல்லாத வீடு கெடையாது. அதுல மினுமினுப்பு இல்லாம கனமா சொரசொரப்பா ஒண்ணு எடுத்து, அச்சடிக்காத பக்கத்துல அவ இப்ப வச்சிருக்குற அதே பச்சையை லேசா நாலு தடவை அடிக்கச் சொல்லுங்க, பக்கத்துல நோட்டுத் தாளையும் வச்சு அதுலயும் அடிக்கச் சொல்லுங்க. அதே பென்சில்தானான்னு அவளே கேப்பா.

இப்ப பென்சிலுக்கு வருவோம். கலர் பென்சில் லெட்டுல இருக்குறது கலர் தூளு, அதை ஒட்ட வைக்க மெழுகு இல்லாட்டி எண்ணெய், கூடவே வெள்ளைக் களிமண் மாதிரி நெரப்பு. எழுதுற பென்சில் லெட்டை கிராஃபைட்டும் களிமண்ணும் சேத்து சூளையில வச்சு சுடுவாங்க, அதான் கெட்டியா இருக்கு. கலர் பென்சிலை சுட்டா கலர் போயிரும், அதனால சுடுறதில்ல, காய வைக்கிறதுதான். நம்ம ஆத்தங்குடி கல்லும் அப்படித்தானே, கண்ணாடி மேல கலர் சிமெண்ட்டை ஊத்தி தண்ணியில ஊறப்போட்டு காய வைக்கிறது, சூளைக்கே போறதில்ல. சரி, விஷயம் என்னன்னா வெலை கம்மியான பென்சில்ல நெரப்பு ஜாஸ்தி, கலர் தூளு கம்மி. 72 கலர்னு பளபளன்னு ஒரு பெட்டி கம்மி வெலைக்குக் கெடைக்குதுன்னா 72 குச்சிக்கும் மரத்துக்கும் டப்பாவுக்கும் போக கலருக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கும்னு நீங்களே கணக்குப் போடுங்க. நானும் ஒரு தடவை ஏமாந்தேன், தகர டப்பாவுல அழகா அடுக்கியிருந்துச்சுன்னு வாங்கியாந்தா, அதுல ஒம்பது பச்சை, ஒம்பதும் அடிச்சா ஒரே பச்சை. மூணு வருஷமா கொலுப்படி மாதிரி அலமாரியில இருந்துச்சு, அப்பறம் யாருக்கோ குடுத்துட்டேன்.

24 கலர் போதும். ரெண்டு ரெண்டா ஒண்ணு மேல ஒண்ணு அடிச்சாலே 276 சோடி வரும், எந்தக் கலர் கீழ எது மேலங்குறதுக்கே சாயல் மாறும், பேத்தி இன்னும் ரெண்டு வருஷத்துக்கு அதைத் தாண்ட மாட்டா. டோம்ஸ், கேம்லின், அப்சரா, ஃபேபர் காஸ்டெல்லோட இஸ்கோல் பென்சில், இதுல எது உங்க கடையில புதுசா இருக்கோ அதை வாங்குங்க, இந்த வயசுக்கு இவுகளுக்குள்ள பெரிய வித்தியாசம் பாக்க வேணாம். பெட்டியைத் தொறந்து பென்சிலோட அடிப்பக்கத்தை மட்டும் பாருங்க. லெட்டு நட்ட நடுவுல இருக்கணும், ஒரு ஓரமா ஒதுங்கி இருந்துச்சுன்னா சீவுறப்ப ஒரு பக்கம் மரமும் ஒரு பக்கம் லெட்டுமா வரும், அது உடைஞ்சுக்கிட்டேதான் இருக்கும், அந்தப் பெட்டியைத் திருப்பிக் குடுத்துருங்க. உருட்டா இருக்குறதை விட முக்கோணம் இல்ல ஆறு பட்டை வாங்குங்க.

பட்டை ஏன்னா, உருட்டுப் பென்சில் மேசையில இருந்து உருண்டு தரையில விழும், நம்ம வீட்டுத் தரை கல்லு, ஒரு தடவை விழுந்தா வெளிய மரம் அப்படியே இருக்கும், உள்ளுக்குள்ள லெட்டு மூணு நாலு துண்டாப் போயிருக்கும். நீங்க சீவ சீவ ஒவ்வொரு துண்டா வெளிய வந்து விழுகுறது அதான். உங்க பேத்தி பென்சிலுக்கும் இதுதான் நடந்திருக்கணும்னு நெனக்கிறேன், இல்லாட்டி ஷார்ப்னர் மொட்டையா இருக்கும். மொட்டை பிளேடு மரத்தைச் சீவாது, லெட்டைப் புடிச்சு முறுக்கும், கலர் லெட்டு மெதுசு, முறுக்கு தாங்காது. பெரிய ஷார்ப்னர் எல்லாம் வேணாம், சாதா ஒத்தை ஓட்டை ஷார்ப்னர் ரெண்டு வாங்கி கலர் பென்சிலுக்குன்னே தனியா வைங்க, ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா தூக்கிப் போட்டுட்டு புதுசு. சீவுறப்ப பென்சிலை அசையாம புடிச்சுக்கிட்டு ஷார்ப்னரை மெதுவா சுத்தச் சொல்லுங்க. வெயில்ல கார்லயோ மொட்டைமாடியிலயோ பெட்டியை மறந்து வச்சிராதீங்க, மெழுகு இளகிரும்.

வாயில வைக்கிறதைப் பத்திக் கேட்டிருந்தீங்க. பென்சில் லெட்டுன்னு பேருதான், அதுல ஈயம் கெடையாது. இருந்தாலும் வெளிய அடிச்சிருக்குற பெயிண்டும் உள்ள இருக்குற கலரும் சாப்புடுறதுக்கு இல்லையே, பெட்டி மேல இஎன்71ன்னு, அதாவது பொம்மை சாமானுக்கு ஐரோப்பாவுல வச்சிருக்குற பாதுகாப்பு விதி, அது போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க, பேரே இல்லாத பெட்டியை திருவிழாக் கடையில வாங்காதீங்க.

அழிக்கிற ரப்பர் பத்தி ஒண்ணு. கலர் பென்சிலை முழுசா அழிக்க முடியாது, சாதா ரப்பரைப் போட்டுத் தேச்சா கலர் ஈசிக்கிட்டு அழுக்காகும். நீடெட் எரேசர்னு பிசைஞ்ச மாவு மாதிரி ஒண்ணு விக்கிது, அதை ஒத்தி ஒத்தி எடுக்கணும், தேய்க்கக் கூடாது. அவுட்லைன் எச்பி பென்சில்ல அழுத்தி வரைஞ்சுட்டு மேல மஞ்சள் அடிக்கிறா பாருங்க உங்க பேத்தி, போட்டோவுல மஞ்சள் சாம்பலாத் தெரியுதே, அது கிராஃபைட்டு கலந்ததுதான். மஞ்சள் பூவுக்கு மஞ்சள் பென்சில்லயே லேசா அவுட்லைன் போடச் சொல்லுங்க. உள்ளங்கைக்கு அடியில ஒரு கசங்கல் தாள் வச்சுக்கணும், நம்ம சித்திரை வேர்வைக்கு இல்லாட்டி படம் பூரா இழுகிரும்.

அடிக்கிற முறைக்கு வாரேன், அந்த பூக்கல்லையே எடுத்துக்குவோம். ஆத்தங்குடி பச்சை பெட்டியில இருக்குற பச்சை இல்ல, அது சிமெண்ட்டுல கலந்த பச்சை, கொஞ்சம் மங்கல். பெட்டிப் பச்சையை அப்படியே அடிச்சா பிளாஸ்டிக் வாளி மாதிரிதான் இருக்கும். முதல்ல மஞ்சள், ரொம்ப லேசா, பென்சிலைப் பின்னால தள்ளிப் புடிச்சு, சின்னச் சின்ன வட்டமா. அது மேல நீலத்துல ஒரு தடவை. பச்சை வந்துரும், ஆனா இன்னும் கண்ணைப் பறிக்கும். இப்ப செவப்பை எடுத்து, அழுத்தவே கூடாது, பென்சிலோட கனம் மட்டும் படுற மாதிரி ஒரு தடவை ஓட்டுனா போதும், பச்சை அடங்கி கல்லு மாதிரி உக்காந்துரும். பச்சைக்கு எதிரி செவப்பு, எதிரி சேந்தா கலர் அடங்கும். கண்டாங்கி சேலையோட அரக்கும் இப்படித்தான், செவப்பு மேல லேசா பச்சை. இதை ஒரு தாள்ல கட்டம் போட்டு 24 கலரையும் ஒண்ணு மேல ஒண்ணா அவளே அடிச்சுப் பாக்கட்டும், ஒரு லீவு நாள் முழுக்க ஓடும், உங்களுக்கும் மத்தியானம் கொஞ்சம் கண்ணசர நேரம் கெடைக்கும்.

வெள்ளைப் பென்சில் எதுக்குன்னே தெரியாம எல்லா டப்பாவுலயும் புதுசா கெடக்கும். வெள்ளைத் தாள்ல வெள்ளை தெரியாது, ஆனா அடிச்சு முடிச்ச கலர் மேல அழுத்தித் தேச்சா பள்ளமெல்லாம் மூடி வழவழன்னு மினுங்கும், கல்லுத் தரை மினுக்கத்துக்கு அது போதும். ஆனா அதைக் கடைசியாத்தான் செய்யணும், அப்பறம் எந்தக் கலரும் ஏறாது. நடுவீட்டுக் கோலம் வரையணும்னா இன்னொரு வழி இருக்கு, மை தீந்த ரீஃபில்லை எடுத்து தாள்ல கோலத்தை அழுத்தி வரையச் சொல்லுங்க, ஒண்ணும் தெரியாது, மேல செங்காவி நெறத்தை லேசா அடிச்சீங்கன்னா அழுத்துன கோடு மட்டும் வெள்ளையா எந்திரிச்சு வரும். எங்கிட்ட படிக்கிற புள்ளைக ஒண்ணு விடாம கத்துக்கிட்ட விஷயம் இது.

அழுத்தி அடிச்ச இருட்டுக் கலர் மேல ஒரு வாரம் கழிச்சு விபூதி பூசுன மாதிரி வெள்ளையாப் படிஞ்சா பூஞ்சைன்னு பயந்துறாதீங்க, மெழுகு மேல வர்றது, மெதுவான பருத்தித் துணியால தொடச்சா போயிரும். ரோஸும் வயலட்டும் வெயில் படுற சுவத்துல மாட்டுனா வெளுக்கும், அதை மட்டும் உள்ரூம்ல மாட்டுங்க.

இனி பினாங்கு அம்மான். ஆசையா கேக்குறவுகளை வேணாம்னு சொன்னா மொகம் வாடிரும், அதனால வேற சொல்லுங்க. வெளிநாட்டுல இருந்து வாங்கியாரவுக பாதிப் பேரு தெரியாம தண்ணி பென்சிலைத்தான் தூக்கியாருவாங்க, பெட்டியில பிரஷ் படமோ அக்வரெல்னோ போட்டிருந்தா அது தண்ணியில கரையுறது, நல்ல சாமான்தான், வேர்த்த கை பட்டா இழுகும், அது இப்ப வேணாம். பிரிஸ்மாகலர் பிரீமியர்னு ஒண்ணு இருக்கு, மெழுகு, வெண்ணெய் மாதிரி போகும், அதே அளவுக்கு உடையும், கல்லுத் தரை வீட்டுக்கு ஆகாது. ஃபேபர் காஸ்டெல் பாலிக்ரோமோஸ் எண்ணெய் பென்சில், கொஞ்சம் கெட்டி, கூரு நிக்கும், மேல வெள்ளை படியாது, 1908ல இருந்து வருது, 120 கலர். பெட்டியா வாங்க வேணாம், சில்லறையாவும் விப்பாங்க.

உங்க 1500ல பாதிக்கும் குறைவா பென்சிலுக்கு, மிச்சத்துல ரெண்டு பேடு, ஷார்ப்னர், ரப்பர், தூசி தட்ட ஒரு மெதுவான பிரஷ், முடிஞ்சது. கிளாஸுக்கு இப்பவே அனுப்பணுமான்னா அனுப்ப வேணாம், ஒரு பேடு தீரட்டும், அப்பறம் அவளே கேப்பா. பினாங்கு அம்மானுக்கு வாட்ஸப்ல இதை அப்படியே அனுப்பிருங்க: "பாலிக்ரோமோஸ் சில்லறையா நாலே நாலு. 190 வெனீஷியன் ரெட், 283 பர்ன்ட் சியன்னா, 157 டார்க் இண்டிகோ, 175 டார்க் செப்பியா. கூட 150 ஜிஎஸ்எம் ட்ராயிங் பேடு ஏ5 ரெண்டு, வழவழப்பு இல்லாதது. பென்சிலை கைப்பையில வை, பெட்டியில போட்டு ஏர்போர்ட்ல தூக்கிப் போடுறவுககிட்ட குடுத்துறாத." அந்த 190 வந்ததும் ஆத்தங்குடி செவப்புப் பக்கத்துல வச்சுப் பாருங்க, அப்பறம் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க ஆச்சி.