தாவினால் தப்பான ஃபைலில் போய் விழுகிறேன்

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. சி மொழியில் எழுதிய கோட், பதினைந்து லட்சம் வரிக்கு மேல் இருக்கும். நான் விம் எடிட்டர் ஆள். மேல் ஃபோல்டரில் நின்று மொத்தத்துக்கும் சிடேக்ஸ் என்ற, பெயர்ப் பட்டியல் போடும் கருவியை ஓட்டினேன். ஒரு ஃபங்ஷன் பெயர்மேல் கர்சரை வைத்துத் தாவினால், எங்கள் சர்க்யூட் போர்டுக்குச் சம்பந்தமே இல்லாத வேறு எதோ டிரைவரில் போய் நிற்கிறது. சிடேக்ஸ் சரியில்லையா, நான் சரியில்லையா?

பதில்: இரண்டு பேர்மேலும் தப்பில்லை. சிடேக்ஸுக்கு சி மொழி புரியும் என்று நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. அது ஃபைல்களை மேலோட்டமாக, ரொம்ப வேகமாகப் படித்து, எந்தப் பெயர் எந்த ஃபைலில் எங்கே இருக்கிறது என்று அகரவரிசையில் ஒரு பட்டியலை 'டேக்ஸ்' என்ற ஃபைலில் எழுதிக் கொடுக்கும். அவ்வளவுதான். ஒரே பெயரில் நாற்பது பேர் இருந்தால் நாற்பது பேரையும் எழுதிவைக்கும், உங்களுக்கு வேண்டியவர் யார் என்பது அதற்குத் தெரியாது.

முதலில் விரலை மாற்றுங்கள். கன்ட்ரோலோடு வலது சதுர அடைப்பை அழுத்தினால் விம் தன் கணக்கில் முதலில் வருகிற இடத்துக்கு நேராகப் போய்விடும், கேட்காது. அதற்கு முன்னால் ஒரு ஜி தட்டிவிட்டு அதே விசைகளை அழுத்துங்கள்: ஒரே இடம் என்றால் நேராகப் போகும், பல இடம் என்றால் பட்டியலைக் காட்டி எது என்று கேட்கும். நான் இதையே வழக்கமான விசைக்கு மாற்றி வைத்துப் பல வருடம் ஆகிறது, ஏன் ஆரம்பத்திலிருந்தே இப்படி வைக்கவில்லை என்று இன்னும் புரியவில்லை. திரும்பி வர கன்ட்ரோல் டி.

அடுத்தது, இதுதான் முக்கியம்: பட்டியலைச் சுருக்குங்கள். பதினைந்து லட்சம் வரியில் உங்கள் போர்டுக்காக நிஜமாகவே கம்பைல் ஆவது எவ்வளவு என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் சிரிப்பு வரும். மீதியெல்லாம் வேறு சிப்புக்கான டிரைவர், பழைய டெஸ்ட், வெளியிலிருந்து கொண்டுவந்து போட்ட லைப்ரரி. யுனிவர்சல் சிடேக்ஸுக்குப் பெரிய எல் என்ற ஆப்ஷனில் ஃபைல் பட்டியல் ஒன்றைக் கொடுத்தால் அதை மட்டும் படிக்கும். அந்தப் பட்டியலை பில்டிலிருந்து எடுங்கள். லினக்ஸ் கெர்னல்காரர்கள் இதைப் பில்ட் விதிகள் இருக்கும் மேக்ஃபைலிலேயே செய்து வைத்திருக்கிறார்கள்: ஒரு தடவை பில்ட் செய்துவிட்டு, 'மேக் டேக்ஸ்' கட்டளையோடு 'கம்பைல்ட்_சோர்ஸ்=1' என்று (எல்லாம் பெரிய எழுத்தில்) சேர்த்துக் கொடுத்தால், கம்பைல் ஆன ஃபைல்களுக்கு மட்டும் டேக்ஸ் போடும். இலக்கு ஆர்க்கிடெக்சரையும் (எந்த வகை சிப் என்பதை) சொல்ல மறக்காதீர்கள். சொல்லாவிட்டால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டருடையதை எடுத்துக்கொள்ளும், ஆர்ம் போர்டுக்கு வேலை செய்துகொண்டே எக்ஸ்86 கோடை உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொன்று, விம் அமைப்பில் டேக்ஸ் ஃபைலின் பாதையைச் சொல்லும் இடத்தில் கடைசியில் ஓர் அரைப்புள்ளி வையுங்கள். அது இருந்தால் இப்போதைய ஃபோல்டரில் இல்லாத டேக்ஸ் ஃபைலை ஒவ்வொரு படியாக மேலே ஏறித் தேடும். இந்த ஓர் எழுத்து இல்லாமல் உள் ஃபோல்டரில் விம்மைத் திறந்துவிட்டு 'டேக் கிடைக்கவில்லை' என்று திட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: சிடேக்ஸுக்குப் பதிலாக, கோடைப் புரிந்துகொண்டு எடிட்டருக்குச் சொல்லும் கிளாங்டி என்ற கருவியைப் போட்டேன். ஃபைலைத் திறந்தவுடன் மேலிருந்து கீழ் வரை சிவப்புக் கோடு, ஹெடர் கிடைக்கவில்லை என்கிறது. ஆனால் பில்ட் சுத்தமாக ஓடுகிறது.

பதில்: பில்டுக்குத் தெரிந்தது கிளாங்டிக்குத் தெரியவில்லை, அதனால்தான். கிளாங்டி நிஜமான கம்பைலர் மாதிரி கோடைப் படிக்கிறது. ஹெடர் எந்த ஃபோல்டரில், எந்த மேக்ரோ போட்டு கம்பைல் செய்கிறீர்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரிந்தாக வேண்டும். அதைச் சொல்வதற்குத்தான் 'கம்பைல்_கமாண்ட்ஸ்.ஜேசான்' என்ற ஃபைல். ஒவ்வொரு சோர்ஸ் ஃபைலுக்கும் எந்த ஃபோல்டரில் நின்று எந்தக் கட்டளை ஓடியது என்று அதில் இருக்கும். உங்கள் பில்ட் கருவி சிமேக் என்றால் ஓர் ஆப்ஷனைத் திருப்பிவிட்டால் அதுவே எழுதித் தரும். வெறும் மேக் என்றால் பேர் என்ற கருவியை முன்னால் போட்டு பில்டை ஓட்டுங்கள் (பெயர் இல்லை, கரடி). ஓடுகிற கம்பைலர் கட்டளைகளையெல்லாம் அது பக்கத்தில் நின்று குறித்துக்கொள்ளும்.

நான் விழுந்த குழி ஒன்று இதில் உண்டு. ஏற்கெனவே பில்ட் ஆகியிருந்த ஃபோல்டரில் பேரை ஓட்டினேன். ஒரு நொடியில் முடிந்தது, ரொம்ப வேகமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். ஃபைலைத் திறந்து பார்த்தால் ஒரு சதுர அடைப்பு திறந்து, ஒன்று மூடி, நடுவில் ஒன்றுமில்லை. மேக் எதையும் புதிதாக கம்பைல் செய்யவில்லை, ஆகவே கரடிக்குக் குறித்துக்கொள்ள எதுவுமில்லை. 'மேக் கிளீன்' கொடுத்துவிட்டு முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.

கிடைத்த ஃபைலை ப்ராஜெக்டின் மேல் ஃபோல்டரில் வையுங்கள், அல்லது 'பில்ட்' என்ற பெயருள்ள உள் ஃபோல்டரில் இருந்தாலும் கிளாங்டி பார்த்துக்கொள்ளும். கிராஸ் கம்பைலர் (வேறு வகை சிப்புக்கு கம்பைல் செய்வது) பயன்படுத்துகிறவர் என்றால் இதற்குப் பிறகும் ஸ்டாண்டர்டு ஹெடர்கள் கிடைக்காமல் போகலாம். உங்கள் கம்பைலரான ஜிசிசியைக் கூப்பிட்டு அதன் ஹெடர் எங்கே என்று கேட்கச் சொல்லும் 'குவெரி டிரைவர்' ஆப்ஷனைக் கொடுங்கள். ஜிசிசிக்கு மட்டும் தெரிந்த ஆப்ஷன்களைப் பார்த்துக் கிளாங்டி முகம் சுளித்தால், புள்ளியில் ஆரம்பிக்கும் '.கிளாங்டி' ஃபைலில் அவற்றை நீக்கும்படி எழுதலாம். முதல் தடவை இண்டெக்ஸ் போடும்போது ஃபேன் கத்தும், மெஷின் திணறும். இண்டெக்ஸ் டிஸ்கில் இருப்பதால் மறுமுறை மாறிய ஃபைல்களை மட்டும் பார்க்கும். ஆகவே மதியம் சாப்பிடப் போகும்போது ஆரம்பித்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: எல்லாம் சரியாக வேலை செய்கிறது. ஆனால் ஒரு ஃபங்ஷனை யார் கூப்பிடுகிறார்கள் என்று கிளாங்டியிடம் கேட்டால் 'யாருமே இல்லை' என்கிறது. பிரேக்பாயிண்ட் வைத்தால் வந்து நிற்கிறது!

பதில்: ஃபங்ஷன் பாயிண்டர் (ஃபங்ஷனின் முகவரியை வைத்திருக்கும் மாறி) வழியாக வருகிறது. அந்தப் பெயரைப் போட்டு யாரும் கூப்பிடுவதில்லை, ஒரு ஸ்ட்ரக்டில் எதோ ஒரு ஃபீல்டுக்குள் வைத்துவிட்டு, அந்த ஃபீல்டின் பெயரில் கூப்பிடுகிறார்கள். கூப்பிடும் இடத்தைக் கேட்காமல் அந்தப் பெயர் வரும் எல்லா இடத்தையும் கேளுங்கள். எங்காவது '.ப்ரோப் =' என்பது போன்ற வரியில் அது உட்கார்ந்திருக்கும். பிறகு அந்த ஃபீல்டின்மேல் நின்று மறுபடி கேளுங்கள். இரண்டு தாவலில் வந்துவிடும்.

இதைவிட மோசமானது மேக்ரோ. இரண்டு துண்டுகளை ஒட்டிப் பெயர் உண்டாக்குகிற மேக்ரோ இருந்தால், அந்த ஃபங்ஷன் எழுதப்பட்ட இடத்தில் முழுப் பெயர் எழுத்தாக இருக்காது. கெர்னலில் 'சிஸ்_ரீட்' எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேடிப் பாருங்கள், 'சிஸ்கால்_டிஃபைன்3' என்ற மேக்ரோவுக்குள் வெறும் 'ரீட்' என்றுதான் இருக்கும். (கெர்னலின் டேக்ஸ் ஸ்கிரிப்ட் இதற்கென்றே தனியாக ஒரு ரெகெக்ஸ், அதாவது எழுத்து வடிவத்தை வைத்துத் தேடும் விதி, வைத்திருக்கிறது.) இந்த மாதிரி இடத்தில் பாதிப் பெயரைப் போட்டு கிட் கிரெப் என்ற எழுத்துத் தேடலில் தேடுவதுதான் வழி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ரிப்கிரெப் என்ற இன்னொரு தேடல் கருவியைப் பயன்படுத்தினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: கிட் கண்டுகொள்ள வேண்டாதவற்றைப் பட்டியலிடும் கிட்இக்னோர் ஃபைலில் இருப்பதை அது தொடாது. பில்டின்போது தானாக உண்டாகும் ஹெடர்கள் வழக்கமாக அங்கேதான் இருக்கும். கிடைக்கவில்லை என்றால் சின்ன யு ஆப்ஷன் போட்டு இன்னொரு தடவை தேடிவிட்டு அப்புறம் கைவிடுங்கள்.

கேள்வி: இவ்வளவு பாடு எதற்கு? விம்மை விட்டுவிட்டு விஎஸ் கோடுக்கு வந்துவிடு என்கிறார் டீம் லீட். வரலாமா?

பதில்: பிடித்திருந்தால் வாருங்கள், ஆனால் இந்தக் காரணத்துக்காக வர வேண்டாம். 2016-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட லாங்குவேஜ் சர்வர் ப்ரோட்டோகால் (எடிட்டரும் கிளாங்டி மாதிரி கருவியும் பேசிக்கொள்ளும் பொது முறை) வந்த பிறகு, கோடைப் புரிந்துகொள்கிற வேலை எடிட்டரை விட்டு வெளியே போய்விட்டது. விஎஸ் கோடிலும் அதே கிளாங்டியை மாட்டலாம். விம்மிலிருந்து பிரிந்த நியோவிம்மில் 0.5-லிருந்து, இமேக்ஸ் எடிட்டரில் 29-லிருந்து, இரண்டிலுமே அதற்கான வசதி கூடவே வருகிறது. 'கம்பைல்_கமாண்ட்ஸ்.ஜேசான்' தப்பாக இருந்தால் மூன்றிலும் அதே சிவப்புக் கோடுதான். சிஸ்கோப் என்ற பழைய கோட் தேடும் கருவி பழகியவர் நியோவிம்முக்கு மாறுவதாக இருந்தால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள், 0.9-இல் அதற்கான ஆதரவை எடுத்துவிட்டார்கள்.