அப்பாவின் ரிப்போர்ட் போனில் வந்துவிட்டது, கேட்டால் நர்ஸ் முகம் சுளிக்கிறார்

அவர் எதையும் மறைக்கவில்லை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எண்ணான கிரியாட்டினின் 1.6 என்று உங்கள் போனில் வந்தாலும், அதற்கு அர்த்தம் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான். நர்ஸ் ஒன்று சொல்லி, ரவுண்ட்ஸில் டாக்டர் வேறொன்று சொன்னால் பழி யார் தலையில் விழும்? சுளிப்புக்குப் பெரும்பாலும் அந்தப் பயம்தான் காரணம். டாக்டர் பார்க்கும் முன்பே வீட்டார் படித்துவிடுவது பலருக்கு இன்னும் பழகவில்லை.

கேள்வியை மாற்றிப் பாருங்கள். "இது ஏன் கூடியது?" வேண்டாம். "டாக்டர் இதைப் பார்த்துவிட்டாரா சிஸ்டர், எப்போது வருவார்?" என்று கேளுங்கள். அப்புறம் பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடுங்கள். வேலூர் வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்தாலே இந்த எண் கொஞ்சம் ஏறலாம்.

ஆனால் பொட்டாசியமும் கூடியிருந்தாலோ, அப்பாவுக்குச் சிறுநீர் குறைந்தாலோ ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காதீர்கள். உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள், சுளித்தாலும் பரவாயில்லை.