உபுண்டு அப்டேட்டுக்குப் பிறகு திரை கருப்பாகிவிட்டது, ஃபார்மட் செய்யத்தான் வேண்டுமா?

கேள்வி: சித்தூரில் (பாலக்காடு) இருக்கிறோம். மகளின் லேப்டாப்பில் என்விடியா கார்டு, உபுண்டு 24.04. அப்டேட் ஆனதிலிருந்து லோகோ வந்ததும் திரை கருப்பாகிவிடுகிறது. கடையில் ஃபார்மட் செய்யச் சொல்கிறார்கள்.

ஃபார்மட் வேண்டாம். மகளின் ஃபைல்கள் எல்லாம் அப்படியே இருக்கும். இந்த மாதிரி நேரத்தில் பெரும்பாலும் சிஸ்டம் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும், படம் மட்டும் திரைக்கு வராது.

நான் பக்கத்தில் கொழிஞ்சாம்பாறைதான். கேரளப் பள்ளிகளில் கைட் (மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம்) தரும் லினக்ஸும் உபுண்டுவிலிருந்து வந்ததே. நம் தமிழ் மீடியம் பிள்ளைகளும் அதில்தான் பழகுகிறார்கள், வீட்டிலும் அதையே கேட்கிறார்கள். இன்டெல் கிராபிக்ஸ் மட்டும் இருந்தால் டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) கெர்னலோடு, அதாவது சிஸ்டத்தின் மையப் பகுதியோடு, சேர்ந்தே வந்துவிடும், தொல்லை குறைவு. என்விடியாவின் சொந்த டிரைவர் அப்படி இல்லை. தனி மாட்யூலாக (கெர்னலில் ஏற்றும் தனித் துண்டு) வரும், கெர்னல் மாறும்போதெல்லாம் அதற்குப் பொருந்தியது வேண்டும். அப்டேட்டில் கெர்னல் மட்டும் முன்னே போய், மாட்யூல் பின்தங்கினால் திரை இருண்டுவிடும்.

அதனால் முதலில் பழைய கெர்னலில் ஏற்றிப் பாருங்கள். பவர் போட்டதும் எஸ்கேப் கீயைத் தட்டினால் கிரப் மெனு (எதில் தொடங்குவது என்று கேட்கும் பட்டியல்) வரும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் முந்தைய கெர்னல் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். திரை வந்துவிட்டதா? அப்படியானால் கார்டில் பழுதில்லை. சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸில் அடிஷனல் டிரைவர்ஸ் பக்கத்துக்குப் போய், 'டெஸ்டட்' என்று போட்டிருக்கும் டிரைவரை நிறுவுங்கள். என்விடியா தளத்திலிருந்து நேராக இறக்கி நிறுவாதீர்கள், அடுத்த கெர்னல் வந்ததும் இதே கதைதான்.

செக்யூர் பூட் (நம்பகமான டிஜிட்டல் கையெழுத்து உள்ளதை மட்டும் ஏற்றவிடும் பாதுகாப்பு) ஆன் ஆக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லலாம். ரீஸ்டார்ட் ஆகும்போது நீல நிறத்தில் எம்ஓகே (அந்தக் கையெழுத்துக்கான சாவியைப் பதியும்) திரை வரும், 10 விநாடிதான் நிற்கும். அதற்குள் ஒரு கீயை அழுத்தி, என்ரோல் எம்ஓகே கொடுத்து, அதே பாஸ்வேர்டைப் போட வேண்டும். பலர் இது என்னவோ என்று விட்டுவிடுகிறார்கள். விட்டால் கையெழுத்து சரியில்லை என்று கெர்னல் அந்த மாட்யூலை ஏற்றாது.

சரி, பழைய கெர்னலிலும் கருப்புதானா? கிரப் மெனுவில் உபுண்டு வரியில் நின்று ஆங்கில 'இ' (e) எழுத்தை அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு நோமோட்செட் (nomodeset) என்று ஒரே சொல்லாகச் சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். படம் மங்கலாக, மெதுவாக வரும். டிரைவரைச் சரிசெய்ய அது போதும், நிரந்தரமாக வைக்கக் கூடாது.

லாகின் திரை வந்து, பாஸ்வேர்டு போட்டதும் திரும்ப அங்கேயே வந்து நின்றால் அது வேறு விஷயம். டிஸ்க் நிறைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால், கருப்புத் திரையிலேயே கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்தில் லாகின் கேட்டால் உள்ளே போய், கெர்னல் பதிவில் (sudo dmesg என்று தட்டினால் வருவது) என்விடியா என்று வரும் வரிகளை போட்டோ எடுத்துக் கேள்வியோடு சேர்த்து அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன். அதுவரை பழைய கெர்னலை மட்டும் நீக்கிவிடாதீர்கள்.