மாமாவின் நடை

கேள்வி: மகள் தரம் 4 படிக்கிறாள். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலிருந்து பாடசாலை ஒரு கிலோமீற்றர் கூட இராது. காலையில் நான்தான் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அப்படியே கோட்டையில் அலுவலகத்துக்குப் போகிறேன். பாடசாலைக்கு முன்னால் பஸ்களும் ஓட்டோக்களும் பறக்கிற பறப்பைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. நேரம் போய்விட்டால் எதிர்ப்பக்கத்திலேயே இறக்கி விடுவேன். மகள் கெட்டிக்காரி, மஞ்சள் கோட்டில் தானே கடந்துவிடுவாள். மாமா, தான் நடத்திக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஆனால் அவர் நடக்கிற நடைக்கு மணியடித்துவிடும். பாடசாலை முன்னால் வேகத்தை 30 ஆகக் குறைக்கச் சொல்லி யாரிடம் முறையிடுவது?

— பெயர் வேண்டாம், கொழும்பு 6

பதில்: முறையிடுகிற வழியை முதலில் சொல்லிவிடுகிறேன், அதற்கு அதிக நேரம் தேவையில்லை. தனி ஆளாக எழுதாதீர்கள். அதிபரையும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தையும் சேர்த்துக்கொண்டு, பொலிஸ் போக்குவரத்துப் பிரிவுக்கும் மாநகர சபைக்கும் கடிதம் கொடுங்கள். பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை போகும்போது அப்படியொரு கடிதமே வரவில்லை என்பார்கள்.

30 என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். நகரத்துக்குள் காருக்குச் சட்டம் கொடுத்திருப்பது 50, ஓட்டோவுக்கு 40. ஆனால் நடப்பவர்களும் வாகனங்களும் கலந்து போகிற இடத்தில் 30க்கு மேல் கூடாது என்று 2020இல் ஸ்டொக்ஹோமில் கூடிய உலக வீதிப் பாதுகாப்பு மாநாடு சொன்னது. காரணம் சுலபமானது. பிள்ளையைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க எந்தச் சாரதிக்கும் ஒரு செக்கனாவது பிடிக்கும். 30இல் வருகிற கார், அந்த ஒரு செக்கன் உட்பட, காய்ந்த தெருவில் ஏறக்குறைய 13 மீற்றருக்குள் நின்றுவிடும். 50இல் வருகிறவன் அதே 13 மீற்றரைத் தாண்டும்போதுதான் பிரேக்கை மிதிக்கவே தொடங்குகிறான். அந்த இடத்தில் பிள்ளை நின்றால் முழு வேகத்தில் அடிபடும்.

சரி, இனி உங்கள் விஷயம். "அவர் நடக்கிற நடைக்கு மணியடித்துவிடும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, தங்கச்சி, அதைத் திருப்பி வாசித்துப் பார்த்தீர்களா? பஸ்காரன் மெதுவாகப் போக வேண்டும். ஓட்டோக்காரன் மெதுவாகப் போக வேண்டும். போகாவிட்டால் பொலிஸ் பிடிக்க வேண்டும். உங்கள் வீட்டில் மெதுவாகப் போகிற ஒரே மனிதரை மட்டும் அந்தக் குற்றத்துக்காகவே வீட்டில் இருத்திவிட்டீர்கள். அவருக்குக் கண் தெரியாது, முழங்கால் ஏலாது என்றால் அதை எழுதியிருப்பீர்கள். எழுதவில்லை. மெதுவாக நடக்கிறார், அவ்வளவுதான்.

அவருக்குப் பதிலாக யாரை அனுப்புகிறீர்கள்? ஒன்பது வயதுப் பிள்ளையை, தனியாக, வீதிக்குக் குறுக்கே. கெட்டிக்காரி என்கிறீர்கள். கணக்கில் நூறு எடுக்கட்டும், சந்தோஷம். ஆனால் வருகிற வாகனம் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று சரியாக மட்டுக்கட்டுகிற பக்குவம் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு இன்னும் வந்திராது. மஞ்சள் கோட்டில் நடப்பதையும் நீங்கள் காணாமல் இருக்க முடியாது. பஸ் ஒன்று மரியாதையாக நிற்கிறது, சாரதி "போ" என்று கை காட்டுகிறார். பிள்ளை நம்பி ஓடுகிறது. பஸ்ஸுக்கு வலப்பக்கத்தால் மோட்டார் சைக்கிள் ஒன்று விலத்திக்கொண்டு வருகிறது. கடவையில் முந்துவது குற்றம்தான், ஆனால் அவன் அந்த நேரம் சட்டப் புத்தகத்தையா பார்க்கிறான்? பஸ்ஸின் மூக்கைத் தாண்டும்வரை அவனுக்குப் பிள்ளை தெரியாது, பிள்ளைக்கும் அவன் தெரியாது. அந்த இடத்தில் தேவைப்படுவது, பஸ்ஸைத் தாண்டுமுன் நின்று எட்டிப் பார்க்கிற ஒரு பெரிய ஆளும், அவர் இறுக்கிப் பிடித்திருக்கிற கையும்தான்.

அந்தக் கையை நீட்டிக்கொண்டு ஒருவர் உங்கள் வீட்டு விறாந்தையில் இருக்கிறார். இந்தக் காலத்தில் பேரப்பிள்ளையைக் கூட்டிவரச் சொன்னால் இடுப்புவலி சொல்கிற தாத்தாமாரைப் பற்றித்தான் எனக்குக் கடிதம் வரும். நீங்கள் கேட்காமலே ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்கிறார். வயது போனவருக்குச் சாப்பாடும் மருந்தும் நேரத்துக்குக் கொடுத்தால் கடமை முடிந்தது என்று நான் நினைப்பதில்லை. அவரால் செய்யக்கூடிய வேலையை அவரிடமிருந்து பறிக்காமல் இருப்பதும் மருமகளின் கடமை, மகனின் கடமையும்தான். உங்கள் கணவர் கடிதத்தில் ஓரிடத்திலும் வரவில்லை. காலை ஏழு மணிக்கு அவர் எங்கே?

நேரம் நேரம் என்கிறீர்களே, ஒரு கிலோமீற்றரை 50இல் ஓடினாலும் 30இல் ஓடினாலும் வித்தியாசம் 48 செக்கன். காலி வீதியில் அந்த நேரத்தில் 50இல் ஓட வழி கிடைத்தால்தானே! உங்களுக்கு நேரம் போவது வீட்டுக்குள்ளே. சப்பாத்து தேடுவதிலும், தலை பின்னுவதிலும், கடைசி நிமிஷத்தில் கொப்பிக்கு உறை போடுவதிலும்.

இன்று இரவே மாமாவிடம் நீங்களே போய்க் கேளுங்கள், கணவரைத் தூது விடாதீர்கள். 6.50க்கு இருவரும் படியிறங்கினால் அவர் நடைக்கும் நேரம் மிஞ்சும். நடைபாதையில் பிள்ளை உள்பக்கம், அவர் வீதிப்பக்கம். புத்தகப் பையை அவர் தோளில் ஏற்றாதீர்கள், அவளே சுமக்கட்டும். மழை கொட்டுகிற நாளில் காரை எடுங்கள், ஆனால் பாடசாலைப் பக்கமாகவே நிறுத்தி, இடப்பக்கக் கதவால் இறக்குங்கள். அதற்குச் சுற்றிவர வேண்டுமென்றால் சுற்றி வாருங்கள்.