சும்மா நிற்பது

அன்புள்ள ஐயா,

என் அம்மா ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறார். காலையில் நிற்க ஆரம்பித்தால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் வீடு. வந்ததும் கெண்டைக்கால் கல் மாதிரி இருக்கும். கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்தினால் குழி விழும். இதே அம்மா தைப்பூசத்துக்கு மூன்று நாள் நடந்தே பழனிக்குப் போகிறார். கொப்புளம் வருகிறது, இந்த வலி வருவதில்லை. நடப்பதுதானே கூடுதல் வேலை? ‘சும்மா நிக்கிறதுல என்ன வலி’ என்று கடையில் கேட்கிறார்களாம். என்ன பதில் சொல்ல?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

நிற்கும்போது உடலின் எடை கணுக்கால் மூட்டுக்குச் சற்று முன்னால் இறங்குகிறது. பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க ஆள் இல்லையென்றால் குப்புற விழுவோம். அந்த ஆள் சோலியஸ் என்ற தசை.

நாற்காலியில் உட்கார்ந்து, விரல்களைத் தரையில் ஊன்றி, குதிகாலை மட்டும் தூக்குங்கள். கெண்டைக்காலின் கீழ்ப்பாதியை இரண்டு பக்கமும் தொட்டுப் பாருங்கள். இறுகுவது அதுதான். மேலே உருண்டு தெரியும் சதை வேறு. அது தொடை எலும்பில் தொடங்குவதால் முழங்கால் மடங்கியதும் தொய்ந்துவிடும்.

உடற்கூறு வகுப்பில் அந்த மேல்தசையைப் புரட்டினால் அடியில் சோலியஸ் அகலமாகப் படுத்திருக்கும். இரண்டுக்கும் நடுவே மெல்லிய தசைநாண், அதாவது தசையை எலும்போடு கட்டும் கயிறு, ஒன்று ஓடும். முதலாண்டு மாணவர்கள் அதை நரம்பு என்று நம்பி ஏமாறுவது வழக்கம். நாம் ஏமாற வகுப்புக்குப் போக வேண்டியதில்லை. தசைநாண், சிரை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்), நரம்பு எல்லாமே நமக்கு ‘நரம்பு’தான். ‘நரம்பு சுருட்டிக்கிச்சு’ என்று நாம் காட்டுவது சிரையை.

சோலியஸ் ஒரு சாணுக்கு மேல் நீளம். அதன் நார்களோ ஏறத்தாழ 4 செ.மீ.தான். தென்னை மட்டையில் கீற்றுகள் போலச் சாய்வாக அடுக்கியிருக்கும். குட்டை நார் கொஞ்சம்தான் சுருங்கும். ஆனால் அதே இடத்தில் ஏராளமாக அடையும், இழுவை கூடும். சம்மணம் போட உதவும் சார்ட்டோரியஸ் நேரெதிர்: தொடையின் குறுக்காக 40 செ.மீ. நீள நார்கள், பலம் கம்மி. சோலியஸின் நார்களில் பத்துக்குச் சுமார் எட்டு மெதுவாக இயங்குகிற, லேசில் களைக்காத வகை. நாள் முழுக்க நிற்கவென்றே செய்தது போலிருக்கிறதல்லவா? ஒரு நிபந்தனை உண்டு. ரத்தம் வந்துகொண்டே இருக்க வேண்டும். விடாமல் இறுகியிருக்கும் தசை தன் நுண்குழாய்களைத் தானே நெரித்துக்கொள்ளும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ரத்தம் திரும்பிப் போவதில். கெண்டைக்கால் தசைகளையும் ஆழத்துச் சிரைகளையும் சுற்றி, எளிதில் நீளாத உறை ஒன்று இருக்கிறது. சுருங்கிப் புடைக்கும் தசை வெளியே விரிய வழியில்லாமல் உள்ளிருக்கும் சிரைகளை நசுக்கும். ரத்தம் மேலே ஏறும். சிரைக்குள் இருக்கும் குட்டிக் கதவுகள் அதைக் கீழே இறங்க விடா. அடுத்த எட்டுக்குள் தசை தளர்ந்து சிரை மறுபடி நிரம்பும். நடக்கும்போது அம்மாவின் கால் அடிபம்பு. அசையாமல் நின்றால் பம்புக் கைப்பிடி பாதியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிற்பவரின் கணுக்கால் சிரையில் அழுத்தம் 80–90 மி.மீ. பாதரசம். நடக்கத் தொடங்கினால் சில எட்டுகளிலேயே 30க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். அந்த அழுத்தத்தில் குழாயைவிட்டுக் கசிந்த நீரில்தான் உங்கள் விரல் குழி போடுகிறது.

தோலுக்கடியில் ஓடும் சிரைகள் அந்த உறைக்கு வெளியே இருக்கின்றன. அணைப்பு இல்லை, அதனால் அவைதான் சுருட்டிக்கொள்கின்றன. மருத்துவர் தரும் இறுக்கமான காலுறை, இல்லாத உறையை வெளியே மாட்டிவிடும் ஏற்பாடு.

கடைக்காரர் மேல் ரொம்பக் கோபம் வேண்டாம், பெரிய அறிஞருக்கே இது முழுதாகப் பிடிபடவில்லை. இத்தாலியின் பதுவாவில் பேராசிரியராக இருந்த ஃபாப்ரிசியஸ் சிரைக்குள் இருக்கும் அந்தக் கதவுகளை 1603இல் படம் போட்டே காட்டினார். ஆனால் ரத்தம் காலில் போய்க் குவியாமல் தடுக்கும் மடை என்றுதான் நினைத்தார். அவை இதயத்தை நோக்கி மட்டுமே வழிவிடுகின்றன என்று 1628இல் சொன்னவர், அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி.

அம்மா சேலை மடிக்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கட்டும். வீட்டில் காலை உயர்த்தி வைத்துப் படுக்கட்டும். இரண்டு காலும் தினம் வீங்குகிறது என்பதால் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அன்றைக்கே போக வேண்டும்.

கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்தையே திருத்தினார்கள். சேலைப் பிரிவில் ஸ்டூல் போட்டிருக்கிறார்களா, போட்டிருந்தால் உட்கார விடுகிறார்களா என்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.