மனதை உருக்கும் நாய்ப் படங்கள் எவை? அவற்றில் வரும் நாய்கள் என்ன இனம்?

கேள்வியின் இரண்டாம் பாதியைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. படப் பெயரை மட்டும் கேட்டிருந்தால் நான் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன். இனத்தையும் கேட்கிறீர்கள் என்றால், படம் பார்த்தாகிவிட்டது, கண்ணைத் துடைத்தாகிவிட்டது, இப்போது போனில் குட்டி என்ன விலை என்று தேடிக்கொண்டிருக்கிறீர்கள். தப்பாக நினைத்திருந்தால் மன்னிக்கவும். நான் அப்படித்தான் தேடினேன், அதனால் ஊரே அப்படித்தான் என்று ஒரு நினைப்பு.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் 'கேள்வியைப் படித்தீர்களா' என்று யாராவது வருவார்கள். ரிச்சர்ட் கியர் நடித்த 'ஹாச்சி' (2009) படத்தில் வருவது அகிடா, ஜப்பான் நாய். அதே கதையை ஜப்பானியர்கள் 1987-லேயே படமாக எடுத்துவிட்டார்கள். 'மார்லி அண்ட் மீ' (2008) லாப்ரடார். கன்னடத்தில் எடுத்துத் தமிழிலும் வந்த '777 சார்லி' (2022) அதுவும் லாப்ரடார். அதே வருஷம் வந்த 'ஓ மை டாக்' படத்தில் கண் தெரியாத சைபீரியன் ஹஸ்கி குட்டி. 'பரியேறும் பெருமாள்' (2018) கருப்பி, நம்ம சிப்பிப்பாறை. கருப்பியை நாய்ப் படப் பட்டியலில் சேர்ப்பதே தப்பு, அந்தப் படம் சாதியைப் பற்றியது என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் அப்பா கருப்பியைத் தண்டவாளத்தில் கட்டிப்போடும் அந்தக் காட்சியிலேயே எழுந்து வெளியே போனவர். சாத்தூர் பக்கம் தாத்தா வீட்டில் சிப்பிப்பாறையோடு வளர்ந்தவர் அவர். இடைவேளையில் தேடிப் போனால் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் உட்கார்ந்திருந்தார். மீதிப் படத்தை இன்றுவரை பார்க்கவில்லை.

ஹாச்சி கதை நிஜம் என்பது தெரிந்திருக்கும். டோக்கியோவில் உயேனோ என்று ஒரு விவசாயத் துறைப் பேராசிரியர். அவர் வீடு திரும்பும் நேரத்துக்குத் தினமும் ஷிபுயா ரயில் நிலையத்துக்குப் போய் நின்ற நாய். 1925 மே மாதம் வேலைக்குப் போன இடத்திலேயே மூளையில் ரத்தக்கசிவு வந்து அவர் இறந்துவிட்டார். நாய் 1935 மார்ச் 8-ஆம் தேதி சாகும்வரை, பத்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக, அதே நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. சினிமாவில் அந்த ரயில் நிலையமே அதற்குச் சொந்தக்காரர்கள் மாதிரி நடந்துகொள்ளும். நிஜத்தில் ஆரம்ப வருஷங்களில் அடித்து விரட்டியிருக்கிறார்கள். 1932-இல் பத்திரிகையில் வந்த பிறகுதான் திடீர்ப் பாசம். 1934-இல் சிலை வைத்தார்கள், திறப்பு விழாவுக்கு ஹாச்சியே வந்திருந்தது. போர்க்காலத்தில் அதை உருக்கிவிட்டார்கள். இப்போது எல்லோரும் பக்கத்தில் நின்று படம் எடுக்கிற சிலை 1948-இல் வைத்தது. அங்கே கிடைத்த கோழிக்கறிக்காகத்தான் அது வந்தது என்று சொல்பவர்களும் உண்டு, அதன் வயிற்றில் கறி கோத்துச் சுடும் குச்சிகள் இருந்ததும் உண்மைதான். இருக்கட்டுமே. நானும்தான் என் மனைவிக்காகப் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது வடை சாப்பிடுகிறேன்.

படத்தைப் பார்த்து இனத்தை முடிவு செய்கிறவர்களுக்கு இன்னொரு தகவல். 2009 'ஹாச்சி'யில் குட்டியாக வருவது அகிடாவே கிடையாது, ஷிபா இனு என்ற சின்ன இனம். வளர்ந்த ஹாச்சியாக நடித்தவை மூன்று நாய்கள். மார்லியாக நடித்தவை 22. அதாவது நீங்கள் பார்த்து உருகிய ஒரு நாய், பழக்கப்படுத்திய பல நாய்களின் நல்ல நேரங்களைச் சேர்த்து ஒட்டியது. வீட்டுக்கு வருவது ஒன்றுதான், அது சோபாவைக் கடிக்கும் நேரத்தையும் சேர்த்துத்தான் வரும்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

2022 ஜூன், மதுரையில் ஒரு தியேட்டர். நான், மனைவி, ஆறாவது படிக்கும் மகள். '777 சார்லி'. கடைசி அரைமணி நேரம் நான் கைக்குட்டையைக் கீழே இறக்கவில்லை. கர்நாடகாவில் அப்போது முதலமைச்சராக இருந்த பசவராஜ் பொம்மையே படம் பார்த்துவிட்டு அழுதது செய்தியில் வந்தது, நான் எம்மாத்திரம். அந்தப் படத்தில் சார்லி, குட்டி போடவைத்து விற்கிற ஓர் ஆளிடமிருந்து தப்பி வந்த நாய். நெருங்கிய ரத்த உறவுக்குள்ளேயே இணை சேர்த்ததால் அதற்குப் புற்றுநோய். (கதையைச் சொல்லிவிட்டேன் என்று திட்டாதீர்கள். நாய்ப் படத்தில் கடைசியில் அழ வேண்டியிருக்கும் என்று தெரியாமலா டிக்கெட் எடுக்கிறீர்கள்?) இப்படி விற்கிறவர்களிடம் வாங்காதே என்று அந்தப் படம் தொண்டை கிழியச் சொன்னது. நான் என்ன செய்தேன்? அழுத கண் காய்வதற்குள், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே, அப்படி ஓர் ஆளைத் தேடிப் போய் ஒரு லாப்ரடார் குட்டி வாங்கினேன். 12,000 ரூபாய்.

ஊருக்கு வெளியே ஒரு வீட்டு மொட்டை மாடி. தகரக் கொட்டகை, வரிசையாகக் கம்பிக்கூண்டு, ஃபினாயில் வாடை. தாய் நாயைக் காட்டுங்கள் என்று கேட்டேன், அந்த அளவுக்கு விவரம் உண்டு எனக்கு. "அது ஃபார்ம்ல இருக்கு சார்" என்றார். அவர் சொல்லி முடிக்கும்போதே கீழ்வீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு நாய் குரைத்தது. மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து, "எனக்கு மனசுக்குச் சரியாப் படலைங்க, போயிரலாம்" என்றாள். அதற்குள் மகள் ஒரு குட்டியை மடியில் வைத்து லட்டு என்று பெயரும் வைத்துவிட்டாள். பெயர் வைத்த பிறகு எப்படித் திரும்பி வருவது?

ஐம்பது நாள் குட்டி என்று சொல்லிக் கொடுத்தார். மறுநாள் டாக்டர் பல்லைப் பார்த்துவிட்டு 35 நாள் இருந்தால் அதிகம் என்றார். நாய் வளர்த்து விற்பவர்களுக்கென்று மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த விதிகளில் எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று இருக்கிறது. எட்டு வாரம் என்றால் 56 நாள். அந்த மனிதர் சொன்ன பொய்க் கணக்குப்படி பார்த்தாலும் அது தப்புத்தான். எனக்கு இந்த விதியெல்லாம் தெரிந்தது ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தபோது.

ஆமாம், ஆஸ்பத்திரி. வந்த ஆறாவது நாள் வாந்தி, அப்புறம் ரத்தமாக வயிற்றுப்போக்கு. பார்வோ, குட்டிகளைக் கொல்கிற வைரஸ் நோய். தடுப்பூசி போட்டாச்சு என்று ஒரு அட்டையில் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்திருந்தார்கள், ஸ்டிக்கர் மட்டும்தான் நிஜம். ஐந்து நாள், காலையும் மாலையும் டிரிப். அந்தக் குட்டிக்கு ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் அவர்கள் காலை மாற்றி மாற்றித் தேடியதை இப்போது நினைத்தாலும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. 18,000 ரூபாய் ஆனது. லட்டு பிழைத்துவிட்டாள். நான் சொல்லி அதே இடத்தில் அதே வாரம் குட்டி வாங்கிய என் ஆபீஸ் நண்பர் வீட்டில் பிழைக்கவில்லை. அவர் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. விற்றவருக்கு போன் போட்டால் எடுக்கவில்லை, அப்புறம் அந்த எண்ணே போகவில்லை.

எட்டாவது மாதம் இன்னொன்று ஆரம்பித்தது. ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரி தாவினாள். நாங்கள் அதை அழகு என்று வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினோம். எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் தெரிந்தது, தொடை எலும்பின் தலை இடுப்புக் குழிக்குள் சரியாக உட்காரவில்லை. ஹிப் டிஸ்பிளாசியா என்கிறார்கள். லாப்ரடார் மாதிரி பெரிய நாய்களில் பரம்பரையாக வருவது. தாய் தகப்பன் இரண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துச் சேர்த்தால் பெரும்பாலும் குறைக்கலாமாம். எங்கள் ஆள் தாயையே காட்டவில்லை.

எடை ஏறக் கூடாது, படி ஏறக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது. அதன் கதவில் 'செல்லப்பிராணிகளுக்கு அனுமதி இல்லை' என்று எங்கள் அசோசியேஷன் செயலாளர் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் கொடுத்த வழிகாட்டுதலில் லிஃப்டில் நாயைத் தடுக்கக் கூடாது என்று இருக்கிறது. அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். நாலு நாள் கழித்து அதே தாளின் பின்பக்கத்தில் தண்ணீர் லாரிக் கணக்கை எழுதி நோட்டீஸ் போர்டில் குத்தியிருந்தார். கணக்கும் தப்பு, அது வேறு விஷயம். மாசம் 2,500 ரூபாய் பராமரிப்பு வாங்குகிறார்கள், இரண்டு வருஷமாக வரவு செலவு காட்டவில்லை. அவர் வீட்டு டைல்ஸ் வேலைக்கு சிமெண்ட் மூட்டை ஏறியது இதே லிஃப்டில்தான். சரி, விடுங்கள், இதைக் கேட்க நீங்கள் வரவில்லை.

இந்நேரம் கீழே கருத்து எழுத ஆரம்பித்திருப்பீர்கள். காசு கொடுத்து வாங்கியதே தப்பு, தெருநாயைத் தத்தெடுத்திருக்கலாமே என்று. நீங்கள் சொல்வது சரி, அன்றைக்கு எனக்கு அந்த நினைப்பே வரவில்லை, அவ்வளவுதான். நாட்டு நாய் வளருங்கள் என்று வரும் தம்பிகளுக்கு: சிப்பிப்பாறை முயலைத் துரத்தி ஓடவென்றே வளர்த்த இனம். அதை இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் பூட்டி வைத்தால் என் அப்பா என் வீட்டுக்கு வரமாட்டார். லாப்ரடாரே மோசம் என்று நான் சொன்னதாகவும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த மூன்று வருஷத்தில் லட்டு எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. குறை முழுக்க வாங்கிய விதத்தில்.

இது என் ஒருவன் முட்டாள்தனமும் அல்ல. நாய் நடித்த படம் ஓடினால் அந்த இனத்துக்குக் கிராக்கி பத்து வருஷம் வரைகூட நீடிக்கும் என்று அமெரிக்கப் பதிவுகளை வைத்து 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. நமக்கு ஆய்வு எதற்கு, 2003-இல் வந்த ஹட்ச் செல்போன் கம்பெனி விளம்பரம் போதும். பையன் பின்னாலேயே ஓடிய அந்த பக் நாயைப் பார்த்து எத்தனை வீட்டில் வாங்கினார்கள். அந்தச் சப்பை மூக்கு வெயிலில் மூச்சு விடப் படும் பாட்டை விளம்பரத்தில் காட்டவில்லை. ஹஸ்கி, அகிடா ஆசை இருந்தால் இதே கணக்குத்தான். இரண்டடுக்கு ரோமம், குளிர் நாட்டுக்கென்று வந்தது. மதுரை மே மாதத்தில் நமக்கே தோலை உரித்துப் போட்டுவிடலாமா என்று இருக்கும்.

அப்படியும் வாங்கத்தான் போகிறேன் என்றால் தாய் நாயைக் கண்ணால் பார்க்காமல் காசை எடுக்காதீர்கள். மகளையோ மகனையோ கூட்டிப்போகாதீர்கள், பெயர் வைத்துவிடுவார்கள். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தால் கிளம்பிவிடுங்கள்.

மணி ஆறு அடிக்கப் போகிறது. லட்டு கதவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். 31 கிலோ, டாக்டர் 27-க்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். மூன்று மாடி தூக்கிக்கொண்டு இறங்கணும், பின்னூட்டங்களுக்கு அப்புறம் வந்து பதில் சொல்கிறேன்.