பஃபருக்குள் பயாஸ் தேதி வந்தது எப்படி?

கேள்வி: கியூஎமுவில் (முழுக் கணினியை மென்பொருளாக ஓட்டும் எமுலேட்டர்) ஒரு சிறிய பிசிஐ டிவைஸ் எழுதியிருக்கிறேன். அதற்குள் ஓடும் கெஸ்ட் லினக்ஸில் உள்ள என் டிரைவர் 4096 பைட் பஃபர் ஒன்றை ஒதுக்கி, அதன் டிஎம்ஏ அட்ரஸை (சிபியூ இல்லாமல் டிவைஸே மெமரியை அணுகும் முகவரி) டிவைஸின் ரிஜிஸ்டரில் எழுதும். டிவைஸ் 'சிபியூ பிசிக்கல் மெமரி ரீட்' ஃபங்ஷன் மூலம் அதைப் படிக்கும். இத்தனை நாள் நன்றாக ஓடியது. கியூ35 மெஷினில் (கியூஎமு தரும் ஒரு பிசி மாதிரி) இன்டெல் ஐஓஎம்எம்யூவை (டிவைஸ்களின் டிஎம்ஏ அட்ரஸை பிசிக்கல் அட்ரஸாக மாற்றும் பகுதி) சேர்த்து, கெஸ்ட் கெர்னலிலும் அதை ஆன் செய்ததிலிருந்து படிப்பதெல்லாம் குப்பை. கடைசியில் '06/23/99' என்று ஒரு தேதி வேறு வருகிறது. அதை நான் எங்கும் எழுதவில்லை. கெர்னல் லாகில் ஒரு பிழையும் இல்லை. அதே கெஸ்டில் விர்ட்ஐஓ (மெய்நிகர் கணினிகளுக்கான டிவைஸ் தரநிலை) டிஸ்க் ஒழுங்காக ஓடுகிறது. இன்னொரு சந்தேகம்: வேகத்துக்காக கெஸ்ட் ரேமின் ஹோஸ்ட் (கியூஎமு ஓடும் கணினி) பாயிண்டரை ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்டு அட்ரஸைக் கூட்டிக்கொள்ளலாமா? கெஸ்டுக்கு 4 ஜிபி ரேம்.

பதில்: அந்தத் தேதியைக் கவனித்துக் குறிப்பிட்டதற்கு நன்றி. மொத்தக் கதையும் அதற்குள் இருக்கிறது. கியூஎமு வழக்கமாகப் பயன்படுத்தும் பயாஸ் மென்பொருளான சீபயாஸ், தன் பயாஸ் தேதியாக '06/23/99' என்பதைத்தான் வைத்திருக்கிறது. பிசி மெஷின்களில் பயாஸ் ரோம், 4 ஜிபி எல்லையை ஒட்டி அதற்குக் கீழே உட்கார்ந்திருக்கும். எல்லைக்கு 16 பைட் முன்னால், சிபியூ முதலில் தொடங்கும் இடமான ரீசெட் வெக்டர், அதில் 5 பைட் ஜம்ப், அதை அடுத்து இந்தத் தேதி. உங்கள் பஃபரில் அது (0 முதல் எண்ணினால்) 4085ஆம் பைட்டில் தொடங்குகிறதா என்று பாருங்கள். தொடங்கினால், உங்கள் டிவைஸ் 4 ஜிபிக்கு முந்தைய கடைசிப் பக்கத்தை, அதாவது பயாஸையே, படித்துக்கொண்டிருக்கிறது.

ஏன் அந்தப் பக்கம்? ஐஓஎம்எம்யூ ஆன் ஆனதும், டிரைவருக்குக் கிடைக்கும் டிஎம்ஏ அட்ரஸ் பிசிக்கல் அட்ரஸாக இருக்க வேண்டியதில்லை. லினக்ஸ் அந்த டிவைஸுக்கென்று ஒரு தனி அட்ரஸ் ஸ்பேஸை உருவாக்கி, பிசிஐ டிவைஸ் என்றால் முதலில் 4 ஜிபிக்குள் மேலிருந்து கீழாக இடம் ஒதுக்கும். முதல் பஃபருக்குப் பெரும்பாலும் கடைசி 4 கேபி பக்கம்தான் கிடைக்கும். 12ஆம் எண் வீடு எல்லாத் தெருவிலும் இருக்கும் அல்லவா? கெஸ்ட் உங்களிடம் கொடுத்தது டிவைஸ் தெருவின் கதவு எண். நீங்கள் அதே எண்ணை வைத்துக்கொண்டு பிசிக்கல் மெமரித் தெருவில் போய்க் கதவைத் தட்டியிருக்கிறீர்கள். அங்கே பயாஸ் குடியிருக்கிறது. ஐஓஎம்எம்யூ இல்லாத நாட்களில் இரண்டு தெருவிலும் ஒரே எண் ஒரே வீட்டைக் குறித்தது. அதனால்தான் இந்தத் தவறு இத்தனை நாள் வெளியே தெரியவில்லை.

லாகில் பிழை வராததற்கும் இதுவே காரணம். நீங்கள் கூப்பிட்ட ஃபங்ஷன், சிஸ்டத்தின் பொதுவான மெமரி அட்ரஸ் ஸ்பேஸில் நேராகப் படிக்கிறது. ஐஓஎம்எம்யூவின் பக்கமே போகாததால், புகார் சொல்ல அதற்கு வாய்ப்பே இல்லை. எழுதும் திசையில் இது இன்னும் மோசம். ரோமில் விழும் பைட்டுகள் சத்தமில்லாமல் காணாமல் போகும், ரேமில் விழுந்தால் வேறு யாருடைய பக்கமோ கெடும்.

சரி, திருத்தம் என்ன? 'பிசிஐ டிஎம்ஏ ரீட்', 'பிசிஐ டிஎம்ஏ ரைட்' ஃபங்ஷன்களுக்கு மாறுங்கள். இவற்றின் முதல் ஆர்க்யுமென்ட் உங்கள் டிவைஸ்தான். யார் கேட்கிறார்கள் என்று தெரிந்தால்தானே எந்தத் தெரு என்று தெரியும்? கியூஎமுவில் ஒவ்வொரு பிசிஐ டிவைஸுக்கும் ஒரு பஸ் மாஸ்டர் அட்ரஸ் ஸ்பேஸ் இருக்கிறது. ஐஓஎம்எம்யூ இருந்தால், அதற்குப் பின்னால் அந்த டிவைஸுக்கென்றே ஒரு ஐஓஎம்எம்யூ மெமரி ரீஜன் இருக்கும். படிக்கும்போது அதன் டிரான்ஸ்லேட் ஃபங்ஷன், கெஸ்ட் தன் ரேமில் எழுதி வைத்துள்ள பக்க அட்டவணைகளை நடந்து பார்த்து, எந்த இடம், எவ்வளவு நீளத்துக்குச் செல்லும், படிக்கலாமா எழுதலாமா என்று சொல்லும். அனுமதி இல்லையென்றால் ஃபால்ட் பதிவாகி, கெஸ்ட் லாகில் 'டிஎம்ஏஆர்' என்று தொடங்கும் வரி வரும். மாதிரி வேண்டுமென்றால் கியூஎமு சோர்ஸிலேயே 'எட்யூ' என்று ஒரு கல்வி டிவைஸ் இருக்கிறது. அதன் டிஎம்ஏ பகுதி சில பத்து வரிகள்தான், இந்த ஃபங்ஷன்களையே பயன்படுத்துகிறது. அதன் அட்ரஸ் வரம்பு இயல்பாக 28 பிட் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மாற்றியபின் எல்லாம் பூஜ்யமாக வந்தால் பதற வேண்டாம். முதலில் டிரைவர் பஸ் மாஸ்டரை ஆன் செய்கிறதா என்று பாருங்கள். லினக்ஸில் 'பிசிஐ செட் மாஸ்டர்' என்ற ஒரே அழைப்பு. பிசிஐ கமாண்ட் ரிஜிஸ்டரில் அந்த பிட் இல்லாவிட்டால், டிவைஸின் பஸ் மாஸ்டர் ஸ்பேஸ் மூடியே இருக்கும், நிஜ வன்பொருளைப் போலவே. பழைய ஃபங்ஷன் இதையும் பார்க்காததால், அந்த அழைப்பு விடுபட்டிருந்தாலும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. கியூஎமு மானிட்டரில் 'இன்ஃபோ எம்ட்ரீ' கொடுத்தால் டிவைஸ் வாரியாக அட்ரஸ் ஸ்பேஸ்கள் தெரியும். டிஎம்ஏ ஃபங்ஷன்களின் ரிட்டர்ன் மதிப்பையும் கட்டாயம் பாருங்கள். அது சரியில்லை என்றால் பஃபரில் இருப்பதை நம்பாமல், டிவைஸின் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரில் பிழை பிட்டை எழுப்புவதுதான் முறை.

விர்ட்ஐஓ டிஸ்க் ஓடுவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். விர்ட்ஐஓவில் 33ஆம் பிட் என்று ஒரு ஃபீச்சர் உண்டு. அதை டிவைஸ் கொடுக்காதவரை, லினக்ஸ் டிரைவர் நேரடி பிசிக்கல் அட்ரஸையே கொடுக்கும், கியூஎமுவும் ஐஓஎம்எம்யூவைத் தாண்டிக்கொண்டு நேராகப் படிக்கும். இரு பக்கமும் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாடு அது. 'ஐஓஎம்எம்யூ பிளாட்ஃபார்ம்' என்ற ஆப்ஷனை ஆன் செய்தால்தான் விர்ட்ஐஓவும் மற்றவர்களைப் போல மொழிபெயர்ப்பு வழியாகப் போகும். உங்கள் டிரைவர் சாதாரண டிஎம்ஏ ஏபிஐயைப் பயன்படுத்துவதால், விர்ட்ஐஓவின் குறுக்கு வழி உங்களுக்குப் பொருந்தாது.

அப்புறம் அந்த ஹோஸ்ட் பாயிண்டர் யோசனை. வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். ஐஓஎம்எம்யூவே இல்லாவிட்டாலும் அது உங்கள் மெஷினில் தவறு. கியூ35இல் 4 ஜிபி ரேம் கொடுத்தால், முதல் 2 ஜிபி கீழே இருக்கும். நடுவில் பிசிஐ டிவைஸ்களுக்கான இடைவெளி. மீதி 2 ஜிபி, 4 ஜிபி எல்லைக்கு மேலே தொடங்கும். ஹோஸ்ட் பக்கம் அந்த ரேம் ஒரே தொடர்ச்சியான துண்டு. எனவே 4 ஜிபி என்ற கெஸ்ட் அட்ரஸ், அந்தத் துண்டின் 2 ஜிபி இடத்தில் இருக்கிறது. வெறுமனே கூட்டினால் துண்டின் முடிவைத் தாண்டிவிடுவீர்கள். 1 ஜிபி கெஸ்டில் சோதித்தால் இது தெரியாது, 4 ஜிபியில் கியூஎமு செத்துப்போகும், அல்லது அதைவிடக் கெட்டதாக, உயிரோடு இருந்து ஹோஸ்டின் வேறு மெமரியைக் கெடுக்கும். கெஸ்டிலிருந்து ஹோஸ்டுக்குள் எட்டிப்பார்க்கத் திறந்த வாசல் அது.

உண்மையிலேயே பெரிய பஃபர்களுக்கு நேரடிப் பாயிண்டர் வேண்டுமென்றால் 'பிசிஐ டிஎம்ஏ மேப்' இருக்கிறது. அதில் மூன்று இடங்களில் கவனம் தேவை. நீங்கள் கேட்ட நீளத்தைவிடக் குறைவாக அது தரலாம், ஏனென்றால் டிவைஸுக்கு அடுத்தடுத்துத் தெரியும் இரண்டு பக்கங்கள் கெஸ்ட் ரேமில் எங்கெங்கோ இருக்கலாம். எனவே கிடைத்த நீளத்தைப் பார்த்து, மீதிக்கு மறுபடி கேட்கும் லூப் வேண்டும். பாயிண்டரே கிடைக்காமலும் போகலாம், அதற்கும் ஒரு வழி வைத்திருங்கள். வேலை முடிந்ததும் எவ்வளவு எழுதினீர்கள் என்று சொல்லி அன்மேப் செய்யுங்கள். அப்போதுதான் அந்தப் பக்கங்கள் மாறியவை என்று குறிக்கப்படும். அதை விட்டுவிட்டால், லைவ் மைக்ரேஷனுக்கு (ஓடும் கெஸ்டை வேறு ஹோஸ்டுக்கு மாற்றுவது) பிறகு புதிய ஹோஸ்டில் பழைய தரவு இருக்கும். அந்தப் பிழையைப் பின்னால் தேடிக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

ஒரு கட்டளை முடிந்த பிறகும் பாயிண்டரைப் பிடித்து வைத்திருக்கவே கூடாது. கெஸ்ட் அந்த மேப்பிங்கை நீக்கி, பக்கத்தை வேறு வேலைக்குக் கொடுத்துவிடும். உங்கள் பாயிண்டருக்கு அது தெரியாது. விர்ட்ஐஓ வேலையை கியூஎமுவுக்கு வெளியே செய்யும் விஹோஸ்ட் போல, மொழிபெயர்ப்பை நினைவில் வைத்துக்கொள்ளும் பகுதிகள் இதற்காகவே ஐஓஎம்எம்யூ நோட்டிஃபையரைப் பதிவு செய்து, நீக்கப்பட்ட செய்தியைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. உங்கள் அளவுள்ள டிவைஸுக்கு அந்தச் சிக்கல் தேவையில்லை. 4 கேபிக்கு நகலெடுப்பதே போதும். ஒருமுறை நகலெடுத்து, அந்த நகலையே சரிபார்த்து, அந்த நகலையே பயன்படுத்துங்கள். கெஸ்ட் மெமரியை இரண்டு முறை படித்தால், நடுவில் கெஸ்ட் அதை மாற்றியிருக்கலாம்.

கெஸ்ட் கொடுக்கும் அட்ரஸ் உங்கள் டிவைஸின் சொந்த ரிஜிஸ்டர்களையே காட்டலாம் என்பதையும் மறக்காதீர்கள். டிஎம்ஏ தன்னையே திரும்பக் கூப்பிடும் இந்த வகைப் பிழைகள் கியூஎமுவில் பாதுகாப்பு ஓட்டைகளாகவே பதிவாகியிருக்கின்றன. 2023இல் இதற்கென்று ஒரு காவல் சேர்க்கப்பட்டது. பழைய பதிப்பில் வேலை செய்கிறீர்கள் என்றால் முதலில் புதியதற்கு மாறுங்கள்.

சோதிக்கும்போது கட்டளை வரியில் இன்டெல் ஐஓஎம்எம்யூவை மற்ற டிவைஸ்களுக்கு முன்னால் எழுதுங்கள். கெஸ்ட் கெர்னலில் 'ஐஓஎம்எம்யூ ஸ்ட்ரிக்ட்' மதிப்பை 1 ஆக்குங்கள். லினக்ஸ் இயல்பாக நீக்கங்களைச் சேர்த்து வைத்து மொத்தமாகத்தான் அறிவிக்கும். அந்த இடைவெளியில் காலாவதியான அட்ரஸும் வேலை செய்வதுபோல் காட்டும். ஸ்ட்ரிக்டில் அது உடனே ஃபால்ட்டாக வந்து நிற்கும். பாஸ்த்ரூ முறை ஆன் ஆகியிருந்தால் அதை எடுத்துவிடுங்கள், அதில் இரண்டு தெருவின் எண்களும் மறுபடி ஒன்றாகிவிடும்.